முதலில் காற்றை வெளியேற்றுவோர் அணி

லார்ச் லேக், மினசோட்டா
2010, மார்ச் மாதக் கடைசி

பெருமதிப்பிற்குரிய மாமனார் திரு. வெய்க்கோ லாட்டி அவர்களுக்கு, மருமகன் லூக் ஸுபான் பணிவன்புடன் எழுதிக்கொள்வது.

இங்கு நானும் எல்சியும் நலம். அங்கு தங்கள் நலமும், தங்கள் இடது முழங்காலின் நலமும், தங்கள் டிரக் பேட்டரியின் நலமும் அறிய அவா. ஏரிக்கு அந்தக் கரையில் இருக்கிறவருக்கு இந்தக் கரையிலிருந்து தபால்தலை ஒட்டிக் கடிதம் எழுதுவானேன் என்று தாங்கள் கேட்கலாம். ஃபோன் செய்தால் தாங்கள் வைத்துவிடுகிறீர்கள். நேரில் வந்தால் டிரக்குக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு ஆயில் மாற்றுகிறீர்கள். போன தடவை நான் வந்தபோது மாற்றிய ஆயிலை இந்தத் தடவை வந்தபோது மறுபடி மாற்றினீர்கள். இன்னொரு தடவை வந்தால் அந்த டிரக்குக்கு ஜன்னி கண்டுவிடும். ஆகவே கடிதம்.

தங்களுக்குத் தெரிந்த சங்கதிதான், ஆனாலும் கோபத்தில் மறந்திருப்பீர்கள் என்பதால் முதலில் இருந்து எழுதுகிறேன். தங்கள் பேத்தி எல்சிக்கு வயது ஏழு. சின்னதிலேயே வந்த சர்க்கரை, தினமும் இன்சுலின் ஊசி. அவள் அம்மா, தங்கள் மகள் மார்யாவின் பள்ளிக்கூட வேலையோடு வந்த மருத்துவக் காப்பீட்டில்தான் அது ஓடிக்கொண்டிருந்தது. போன மே மாதம் மார்யா போனாள். தலைக்குள் ஒரு இரத்தக்குழாய், அழுத்தம் தாங்கவில்லை என்று டாக்டர் படம் போட்டு விளக்கினார். அழுத்தம் தாங்காத குழாய் என்றால் எனக்கு நன்றாகவே புரியும், பாய்லர் பார்ப்பதுதானே என் தொழில். புரிந்ததால் ஒன்றும் ஆகவில்லை. அவள் காப்பீடு இன்னும் கொஞ்ச காலம் இழுத்துக்கொண்டு வரும். அதற்குப் பிறகு, ஏற்கெனவே நோய் இருக்கிற பிள்ளையை எந்தக் கம்பெனியும் வாசலில்கூட நிற்க விடாது. நான் தனியாகத் தொழில் செய்கிறவன். எனக்கே காப்பீடு என் ஸ்பேனர் பெட்டிதான். இதனால்தான் வாஷிங்டனில் அந்த மருத்துவக் காப்பீட்டு மசோதா என்ன ஆகிறது என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கொள்கைக்காக இல்லை. எனக்கு அப்போது கொள்கை, பசி, தூக்கம் எதுவும் இல்லை.

இப்படி இருக்கையில் கட்சியிலிருந்து மார்யாவுக்கு ஃபோன் வர ஆரம்பித்தது. அவள் வட்டாரத் தலைவி அல்லவா, அவள் பெயர் எல்லாப் பட்டியலிலும் முதலில் இருக்கிறது. "மார்யா இருக்காங்களா?" என்பார்கள். "இல்லைங்க" என்பேன். "எப்ப வருவாங்க?" "சொல்றதுக்கில்லைங்க." "பரவாயில்லை, சாயங்காலம் கூப்பிடறோம்." சாயங்காலம் வேறொருவர் கூப்பிடுவார். ஒருநாள் பொறுக்காமல் ஒரு பையனிடம் உண்மையைச் சொன்னேன், "தம்பி, அவ செத்துப்போயிட்டா" என்று. அந்தப் பக்கம் காகிதம் புரள்கிற ஓசை. அப்புறம் மெதுவாகக் கேட்டான், "அப்ப மசோதாவுக்கு ஆதரவுன்னு போட்டுக்கவா சார், எதிர்ப்புன்னு போட்டுக்கவா?" நான் யோசித்துப் பார்த்து, "முடிவு பண்ணலைன்னு போடு" என்றேன். நன்றி சொல்லி வைத்தான்.

மாமா, கிறிஸ்மஸ் சமயத்தில் நடந்ததையும் இங்கே சொல்லியாக வேண்டும். அரசாங்கமே நடத்துகிற காப்பீடு ஒன்று வரும் வரும் என்று சொல்லிக்கொண்டிருந்ததை நம் கட்சிக்காரர்களே மசோதாவிலிருந்து உருவிப் போட்டுவிட்டார்கள் என்று செய்தி வந்தது. நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நீங்கள் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "பாதிப் பாலம் ஆத்து நடுவுலதான் கொண்டுபோய் விடும்" என்றீர்கள். அதற்கு எல்சி, "பாதிப் பாலத்துல உக்காந்து மீன் பிடிக்கலாமே தாத்தா" என்றாள். நான் சிரித்தது உண்மை. ஏழெட்டு மாதத்தில் முதல் சிரிப்பு. அதை நீங்கள் கட்சி மாறியதாக எடுத்துக்கொண்டீர்கள்.

பிப்ரவரியில் பள்ளிக்கூட ஜிம்மில் கட்சியின் வட்டாரக் கூட்டம் என்றார்கள். நான் போனது இரண்டே வேலைக்கு. ஒன்று, மார்யா பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டு ஃபோன் தொல்லையை நிறுத்துவது. இரண்டு, தபாலாபீஸ் வெர்னாவின் தட்டைத் திருப்பிக் கொடுப்பது. சாவு வீட்டுக்கு என்று ஊரே உருளைக்கிழங்குக் கறி கொண்டுவந்து வைத்ததில் வெர்னா மட்டும்தான் தட்டைத் திருப்பிக் கேட்டு ஆள் அனுப்பினாள். ஆகவே கழுவின தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனேன். வாசல் மேசையில் வெர்னாவே உட்கார்ந்திருந்தாள்.

"பேரை அடிக்கணும்னா வட்டாரத் தலைவர் கையெழுத்து வேணும்ப்பா."

"யாரு வட்டாரத் தலைவர்?"

வெர்னா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "மார்யா."

"அவதான் இல்லையே."

"அதனாலதானே பேரை அடிக்கணுங்கிறே."

"அடிக்கிறதுக்கு அவ வந்து கையெழுத்துப் போடணுமா?"

"விதி அப்படி இருக்கு, நானா எழுதினேன்? இன்னைக்குப் புதுத் தலைவரைத் தேர்ந்தெடுப்போம். அவர் வந்து அடிப்பார். போய் உக்காரு, காபி குடி. தட்டை நீயே வச்சிரு, இங்க வச்சா எவளாவது தூக்கிட்டுப் போயிடுவா."

இப்படித்தான் மாமா நான் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்தேன். அரசியல் ஆசை ஒரு துளி கிடையாது.

மேடையில் கார்ல்டன் ஃப்ரீஸ் டை கட்டிக்கொண்டு மாவட்டக் கட்சியின் சார்பாகப் பேசினார். "நாம முழுசா கேட்டோம். பாதிதான் ஆகும்னாங்க. சரின்னோம். அந்தப் பாதியில பாதியை எதிர்க்கட்சி கேட்டுது. பெருந்தன்மையா விட்டுக் குடுத்தோம். அதுக்கப்புறமும் அவங்க ஒருத்தர்கூட ஓட்டுப் போடல. ஆனா நண்பர்களே, இது ஒரு தொடக்கம்!" என்றார். நீங்கள் கடைசி வரிசையிலிருந்து எழுந்தீர்கள். "கார்ல்டன், உன்னைச் சந்தைக்கு மாடு விக்க அனுப்பினா மாட்டையும் குடுத்து, கயித்தையும் குடுத்து, வாங்கினவனுக்கு வண்டிக்கூலியும் குடுத்துட்டு வருவே!" ஜிம்மே அதிர்ந்தது. கார்ல்டனும் விடவில்லை. "நீங்க சுரங்கத்துல இருந்த காலத்துலேருந்து இதையேதான் கேக்குறீங்க வெய்க்கோ, என்ன வந்துது?" "தொண்டை வறண்டுது. பேச்சு மாறல" என்றீர்கள். மாமா, அந்த இடத்தில் நானும் கைதட்டினேன். ஒரு கையில் தட்டு இருந்ததால் தொடையில் தட்டிக்கொண்டேன், உங்களுக்குத் தெரிந்திருக்காது.

அப்புறம்தான் வினை. நம் கட்சி வழக்கப்படி காலால் ஓட்டுப் போடுகிற நேரம் வந்தது. பேச்சுக் கூடாது, கை தூக்கக் கூடாது. ஆளாளுக்கு அவரவர் மூலைக்கு நடக்க வேண்டும். மணி அடிக்கும்போது யார் கால் எங்கே நிற்கிறதோ அதுதான் அவர் கருத்து. 'கிடைச்சதை வாங்கு' என்கிறவர்கள் கார்ல்டனோடு மேடைப் பக்கம் போனார்கள். 'முழுசா இல்லாட்டி வேண்டவே வேண்டாம்' என்கிறவர்கள் உங்களோடு கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே போனார்கள். நான் எங்கும் போகவில்லை. உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தேன். ஆனால் சுவரோரம் ஜிம்மைச் சூடாக்குகிற வெந்நீர் ரேடியேட்டர் கூட்டம் ஆரம்பித்ததிலிருந்து களக் களக், டொக் டொக் என்று அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே காற்றுப் பிடித்திருக்கிறது, பாதி ரேடியேட்டர் ஜில்லென்று கிடக்கிறது. அது உங்கள் காதில் விழாது, என் காதில் வேறொன்றும் விழாது. எழுந்துபோய், சட்டைப்பையில் எப்போதும் கிடக்கிற வால்வுச் சாவியை எடுத்து, வால்வைக் கொஞ்சம் திறந்து, கறுப்பாக வருகிற தண்ணீரைப் பிடிக்க வெர்னாவின் தட்டைக் கீழே வைத்தேன். ஸ்ஸ்ஸ் என்று காற்றுப் போனது. சூடு ஏறியது. வெளியே மூக்கு உதிர்கிற குளிர். அங்கங்கே முடிவு எடுக்க முடியாமல் கோட்டுக்குள் நடுங்கிக்கொண்டிருந்த கிழவிகள் ஒவ்வொருவராக ரேடியேட்டர் பக்கம் நகர்ந்தார்கள். பின்னாலேயே அவர்கள் வீட்டுக்காரர்கள். வெர்னாவும் தட்டைத் தேடிக்கொண்டு வந்தாள். வந்தவள், "அடப்பாவி, இதுல சாக்கடையாப் பிடிக்கிறே?" என்று சொல்லவும் மணி அடிக்கவும் சரியாக இருந்தது.

எண்ணிப் பார்த்தால் எங்கள் மூலையில் ஒரு அணியாக நிற்கத் தேவையானதைவிட அதிகமாகவே தலைகள் இருந்தன. கார்ல்டன் பேனாவோடு வந்தார். "உங்க அணியோட பேரு?"

"எங்களுக்கு அணி இல்லைங்க. இதுல காத்துப் பிடிச்சிருக்கு. முதல்ல காத்தை வெளியேத்தணும்."

அவர் சிரிக்காமல் எழுதிக்கொண்டு மேடையேறி அறிவித்தார்: "மூன்றாவது அணி. பெயர், முதலில் காற்றை வெளியேற்றுவோர் அணி!" மேடைப் பேச்சுக்காரர்களைத்தான் நான் குத்துகிறேன் என்று நினைத்து ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். நீங்களும் தட்டினீர்கள் மாமா, மறுக்காதீங்க, நான் பார்த்தேன்.

ஒவ்வொரு அணியும் ஒரு நிமிஷம் பேச வேண்டும். வெர்னா முதுகில் குத்தி என்னை முன்னால் தள்ளினாள். எனக்கு எல்சி பெயரைச் சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தது. வாயைத் திறந்தால் வரவில்லை. அவள் பெயரைச் சொன்னால் அவள் அம்மா பெயரும் கூடவே வந்துவிடுமோ என்று பயம். ஆகவே ரேடியேட்டரைப் பற்றியே பேசினேன். பாதி சூடான ரேடியேட்டர் கெட்டுப்போன ரேடியேட்டர் இல்லை, ஆனால் அதை நல்ல ரேடியேட்டர் என்று சொல்கிறவன் பொய்யன் என்றேன். புதுக் குழாய் வசந்த காலத்தில்தான் மாற்ற முடியும், அதுவரைக்கும் பிள்ளைகள் விறைத்துப்போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றேன். இந்த வால்வைப் போட்டவன் யாரோ தெரியவில்லை, கிடைத்தால் உதைக்க வேண்டும் என்றேன். இதெல்லாம் சத்தியமாக அந்த ரேடியேட்டரைப் பற்றியது. முதல் பாதிக்கு மேடைப் பக்கம் கைதட்டினார்கள், பிற்பாதிக்கு உங்கள் பக்கம் விசிலடித்தார்கள். கடைசியில் எந்தப் பக்கத்துக்கும் தனியாகப் போதுமான தலை இல்லாமல், வெர்னா எழுதிய தீர்மானம் ஜெயித்தது. "மசோதாவை நிறைவேற்று. மார்தட்டாதே." நம் பிரதிநிதிக்கு அனுப்பிய தீர்மானங்களில் இதுதான் ஆகச் சின்னதாம்.

வட்டாரத் தலைவருக்கு ஆள் எடுக்கும்போது உங்கள் ஆளைக் கார்ல்டன் ஏற்கவில்லை, கார்ல்டன் ஆளை நீங்கள் ஏற்கவில்லை. இவன் எந்தப் பக்கம் என்றே யாருக்கும் விளங்காத ஒரே ஆள் என்று என்னைப் போட்டுவிட்டார்கள். சமரசத்தைப் பற்றி அவ்வளவு சண்டை போட்டீர்களே மாமா, கடைசியில் அன்றைய சமரசம் நான்தான்.

வெளியே வந்தால் உங்கள் டிரக் கிளம்பவில்லை. என் வேனிலிருந்து கம்பி போட்டு பேட்டரிக்கு உயிர் கொடுத்தேன். இன்ஜின் ஓட ஆரம்பித்ததும் கோபத்தையும் ஓடவிட்டீர்கள்.

"மார்யா இருந்திருந்தா எங்கடா நின்னிருப்பா? சொல்லு."

"தெரியல மாமா."

"எனக்குத் தெரியும்."

கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டீர்கள். கம்பியையும் கழற்ற விடவில்லை, இழுத்துக்கொண்டே போனீர்கள். அந்தக் கம்பி இன்னும் உங்களிடம்தான் இருக்கிறது. அன்றையிலிருந்து ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு நீங்க வரல. எல்சி உங்க நாற்காலியில் பூனையை உக்கார வச்சுச் சாப்பாடு போடறா. பூனை உங்களைவிட நிதானமாப் பேசுதுங்கிறா.

இன்னொன்று சொல்லியாகணும். தலைவரானதும் வெர்னா பட்டியலையும் பென்சிலையும் கையில் கொடுத்து, "இப்ப அடிச்சுக்கோப்பா" என்றாள். பென்சிலை எடுத்தேன். கோடு போட மனசு வரல. விட்டால் ஃபோன் நிற்காது. ஆகவே அவ பேரை அப்படியே விட்டுட்டு ஃபோன் நம்பரை மட்டும் மாத்தினேன். உங்க நம்பரைப் போட்டேன். கொஞ்ச நாளா மார்யாவைக் கேட்டு உங்களுக்கு ஃபோன் வருதில்ல, அது என் வேலை. கோபப்படாதீங்க. ஊர்ல யாரைப் பார்த்தாலும் 'மார்யா இருந்திருந்தா, மார்யா இருந்திருந்தா'ன்னு அவ சார்பா பேசறது நீங்கதானே, அவங்ககிட்டேயும் பேசட்டுமேன்னு நினைச்சேன். வெர்னா சொன்னா, டுலூத்துல இருந்து கூப்பிட்ட ஒரு காலேஜ் பையனை நீங்க விடவே இல்லையாம். மார்யா மூணாங்கிளாஸ்ல டீச்சருக்கு எதிரா வேலைநிறுத்தம் பண்ணினது, மீன் முள் தொண்டையில சிக்கினது, கல்யாணத்தன்னைக்குக் குட்டையில விழுந்தது எல்லாம் சொன்னீங்களாம். அவன் அழுதுட்டானாம். அடுத்த நாள் வேணும்னே திரும்பக் கூப்பிட்டானாம், மிச்சக் கதை கேக்க. என்னால அந்தப் பையன்கள்கிட்ட ஒரு வாக்கியம் சொல்ல முடியல மாமா. நீங்க பேசறீங்கன்னு கேட்டப்ப, ஒரு மூட்டையோட ஒரு முனையை வேற யாரோ பிடிச்சுக்கிட்ட மாதிரி இருந்துச்சு.

சரி, விஷயத்துக்கு வர்றேன். மசோதா ஜெயிச்சிருச்சு. உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும், ரேடியோவை நீங்க திட்டினது ஏரி தாண்டிக் கேட்டிருக்கும். திங்கட்கிழமை காலையில நான் சர்ச் நிலவறையில பாய்லருக்கு அடியில இருந்தேன். மேலே சமையலறையில ரேடியோ. இனிமே நோய் இருக்குன்னு காரணம் காட்டிப் பிள்ளைகளைக் காப்பீட்டுக் கம்பெனிங்க மறுக்க முடியாது, இந்த வருஷமே அமலுக்கு வருதுன்னு சொன்னான். வாளியைக் கவுத்துப் போட்டு உக்காந்துட்டேன். நெஞ்சுக்குள்ள இருந்து ஸ்ஸ்ஸ்னு என்னமோ வெளியே போச்சு. எந்த வால்வுன்னு தெரியல. அப்புறம் வயித்துல ஒரு வலி. என்னடா இது புதுசான்னு பாத்தா, பசி. படியேறிப் போய் சமையல் அம்மாகிட்ட "ஏதாவது இருக்கா?"ன்னேன். மாவுக்குள்ள கறி வச்சுச் சுட்ட பாஸ்டி ரெண்டு குடுத்தா, மூணாவதை நானே எடுத்துக்கிட்டேன். "மெதுவாச் சாப்பிடுப்பா, யாரும் பிடுங்க மாட்டாங்க"ன்னா. அதைத்தான் ரேடியோவும் சொல்லுச்சுன்னேன். அவளுக்குப் புரியல.

ஆகவே மாமா, நீங்க ஒத்துக்க வேண்டாம். இது பாதிப் பாலம்தான். ஆனா எல்சி அதுமேல உக்காந்திருக்கா, கால் நனையல. எனக்கு அது போதும். நான் நின்ன இடம் சரிதான், நீங்க கத்தினது அதிகப்படிதான், இதுக்குமேல இந்தக் காப்பீட்டுப் பேச்சே நம்ம வீட்டு மேசையில வேண்டாம், எனக்கு இனிமே அரசியலும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வாங்க. சவுனா நீராவிக் குளியலுக்கு விறகு பிளந்து வச்சிருக்கேன், அடுக்கினது தப்புன்னு நீங்க வந்து திட்டலாம்.

தங்கள் முழங்காலுக்குச் சூடும், டிரக்குக்குப் புது பேட்டரியும், கார்ல்டனுக்கு முதுகெலும்பும் தந்தருளுமாறு கடவுளை வேண்டி, எல்சியின் முத்தங்களையும் பூனையின் மரியாதையையும் சேர்த்து அனுப்பி, தங்கள் ஆசியை நாடும்

மருமகன்,
லூக் ஸுபான்
(வட்டாரத் தலைவர், முதலில் காற்றை வெளியேற்றுவோர் அணி)

பின்குறிப்பு: உறையை ஒட்டுறதுக்கு முன்னாடி, எதுக்கும் இருக்கட்டும்னு காப்பீட்டுக் கம்பெனிக்கு ஒரு ஃபோன் போட்டேன். ஒரு பொண்ணு, தேனாட்டம் குரல். "வாழ்த்துகள் சார்! இலையுதிர் காலத்துல இருந்து உங்க பொண்ணை நாங்க வேண்டாம்னு சொல்லவே முடியாது!"ன்னா. மாசம் எவ்வளவு ஆகும்னேன். சொன்னா. "அது வருஷத்துக்கா?"ன்னேன். "மாசத்துக்குத்தான் சார்." "சட்டம் வந்திருக்கேம்மா?" "சட்டம் மறுக்கக் கூடாதுன்னுதான் சார் சொல்லுது. விலையைப் பத்தி இப்போதைக்கு ஒண்ணும் சொல்லல. எங்களுக்கே ஆச்சரியமாத்தான் இருக்கு"ன்னா. மாமா, அதுக்கப்புறம் நான் என்ன சொன்னேன்னு எனக்கே முழுசா ஞாபகம் இல்ல. கயிறு, மாடு, கார்ல்டன், வண்டிக்கூலி எல்லாம் வந்துச்சு. பாவம், அந்தப் பொண்ணு கார்ல்டன் யாருன்னு கேட்டுக்கிட்டே இருந்தா. ஃபோனை வச்சுட்டுத் திரும்பினா எல்சி வாசல்ல நிக்கிறா. கண்ணு ரெண்டும் விரிஞ்சிருக்கு. "அப்பா, நீ தாத்தா மாதிரியே கத்துறே!"ன்னா. பயந்துட்டாளோன்னு பாத்தேன். இல்ல, சிரிக்கிறா. "இன்னொரு தடவை கத்து"ங்கிறா.

போன மே மாசத்துக்கப்புறம் எனக்குக் கோபமே வந்ததில்ல மாமா. வந்ததும் எவ்வளவு நிம்மதியா இருக்கு தெரியுமா! பனியில ஓட்டுற ஸ்னோமொபைலை வித்தா பணத்தைச் சமாளிச்சிரலாம், எல்சிக்கு ஊசி நிக்காது, அதைப் பத்திக் கவலை வேண்டாம். ஆனா மேலே 'ஆகவே மாமா'ன்னு ஆரம்பிக்கிற பாராவை அடிச்சுருங்க, ஞாயிற்றுக்கிழமை வாங்கன்னதை மட்டும் விட்டுருங்க. முழுசா கேக்கிறவங்க கூட்டம் அடுத்து என்னைக்கு? கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே கொஞ்சம் தள்ளி நின்னு எனக்கு இடம் விடுங்க. அந்த மூலையில ரேடியேட்டர் கிடையாது, நான் கோட்டு எடுத்துட்டு வந்துர்றேன். பேட்டரிக் கம்பியை மறக்காம எடுத்துட்டு வாங்க, உங்க டிரக் எப்படியும் நிக்கும்.